பெட்ரோல் கேனில் ஒரு செம்புத் தண்ணீர்

என் அண்ணன் கட்டிய பறக்கும் கார் பறக்காமல் போனதற்கு நான்தான் காரணம். அதன் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றியவள் நான். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

தாயில்பட்டிக்கு வெளியே, எங்கள் தகரக் கொட்டகையில் இரண்டு ஆண்டுகளாக உருவான வண்டி அது. பழைய கார் ஒன்றின் உடல், பின்புறம் காற்றாடி, இருபுறமும் துணி போர்த்திய இறக்கைகள். அண்ணன் செல்வத்துடன் உழைத்தவர் அவன் நண்பர் முத்துப்பாண்டி. ஆறு நாள் பட்டாசு ஆலை, ஏழாம் நாள் எங்கள் கொட்டகை. ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் சரிபார்க்கும் பட்டியல் என் பணி. அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்வான். நான் பார்த்து, ‘சரி’ என்று எழுதுவேன்.

முதல் ஓட்டம் மூன்று முறை தள்ளிப்போனது. மழை, பிறகு காற்றாடியில் விரிசல், பிறகு கிளட்ச்... நான்காம் ஞாயிறு, இடது இறக்கையை இழுத்துப் பிடிக்கும் கம்பி வடத்தில் மூன்று இழைகள் அறுந்திருக்கக் கண்டேன். சொன்னேன். இருமுறை சொன்னேன்.

“பொஸ்தகம் படிக்கிற புள்ளைக்கு வடத்தைப் பத்தி என்ன தெரியும்? சரின்னு எழுது தாயி,” என்றான் அண்ணன்.

“ஏலே, தங்கச்சி இதுக்கும் ஒரு செய்யுள் சொல்லும் பாரு,” என்று முத்துப்பாண்டி சிரித்தார்.

எழுதினேன்.

எங்கள் ஊர்ப் பக்கம், தீப்பற்றும் பொருள் இருக்குமிடத்தில் ஈரச்சாக்கு விரிக்காமல் எவரும் வேலை தொடங்கமாட்டார்கள். அன்று சாக்கு நனைப்பதும் என் பொறுப்பு. வாளிக்குப் பக்கத்திலேயே மூடி திறந்த பெட்ரோல் கேன். அவர்கள் இருவரும் இறக்கைக்கு மறுபுறம். ஒரு செம்பு... அவ்வளவுதான். அண்ணன் அதை டேங்க்கில் ஊற்றிவிட்டு, “பெட்ரோல்,” என்றான். ‘சரி’ என்று எழுதினேன்.

அச்சத்தால் செய்தேனா? அவர்கள் சிரித்ததற்காகச் செய்தேனா? இன்றும் பிரித்தறிய முடியவில்லை.

அண்ணன் ஓட்ட, வறண்ட கண்மாய்க்குள் வண்டி விரைந்தது. முன்சக்கரம் ஒரு சாண் எழுந்தது... எஞ்சின் இருமியது; நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயரே போன பிறகு நின்றிருந்தால்? காக்க நினைத்த கையே அவனைக் கொன்றிருக்குமே!

அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றினான். உள்ளே நீர்த்துளிகள் உருண்டன. முத்துப்பாண்டியிடம் திரும்பினான்.

“ஏலே, எங்கன வாங்குன பெட்ரோல?”

“எப்பவும் வாங்குற பங்க்குலதான்லே.”

“கண்ணை மூடிக்கிட்டா வாங்குன? ரெண்டு வருசத்தை நாசமாக்கிட்டியேலே. இனிமே இங்கன வராத.”

முத்துப்பாண்டி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஐயமில்லை; ஒரு சொல் துணைக்கு வருமா என்ற கேள்விதான் இருந்தது. நான் பட்டியலை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பிறகு வரவில்லை. அண்ணன் தனியாகச் சில மாதங்கள் முட்டி மோதினான். தீபாவளி சீசன் வந்ததும் இறக்கைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு லோடு வண்டி ஓட்டப் போய்விட்டான்.

சென்ற மாதம் சாத்தூர் பேருந்து நிலையத்தில் முத்துப்பாண்டியைக் கண்டேன். ஒதுங்குவதற்குள் அவரே வந்துவிட்டார்.

“நல்லா இருக்கீகளா தங்கச்சி? செல்வம் இன்னும் கோவமாத்தான் இருக்கானா?” சற்றே தயங்கினார். “அவன் மேல தப்பில்ல. அந்தக் கேன்லதான் முந்துன நாளு தண்ணி கொண்டுபோனேன். காயாமலே பெட்ரோல் வாங்கிட்டேன் போல. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க... தப்பு என்னுதுதான்னு.”

எத்தனை நாள் யோசித்து, இல்லாத குற்றத்தைத் தன்மேல் கண்டுபிடித்திருக்கிறார்! வாய் திறந்தேன்...

“பஸ் வந்துருச்சுண்ணே,” என்றேன். அது எந்த ஊருக்குப் போகிறதென்றும் பாராமல் ஏறிக்கொண்டேன்.