டெஸ்டுக்கு நின்ற அண்ணன்

என் கணவர் படம் எடுக்கிறார். மூன்று வருஷமாக எடுக்கிறார். யாராவது எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், "லென்ஸ் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பார். பெண் பார்க்கிற குடும்பம்கூட மூன்று வருஷத்தில் ஒரு முடிவுக்கு வந்திருக்கும்.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல, என் அண்ணனைப் பற்றி. ஆனால் அவரைத் தாண்டாமல் அண்ணனிடம் போக முடியாது. வாசலை அடைத்துக்கொண்டு, கேமரா முக்காலியை விரித்துவைத்து, அவர்தான் நிற்கிறார்.

அண்ணனுக்குத் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. இருபத்தெட்டு வருஷமாக ஊரில் இருக்கிற கதவையெல்லாம் தட்டி, "மீட்டர் பாக்கணும்" என்று சொல்லி, குனிந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த கதவுக்குப் போகிறவர். தட்டையான பெரிய முகம். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன், முகத்தை அளப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் கடையில் இருக்கும் ஆகப் பெரிய பிரேமும் அண்ணனின் நெற்றிப்பொட்டில் பள்ளம் விழ வைத்துவிடும். அவருக்கென்று தனியாகச் சொல்லி வரவழைக்க வேண்டியிருந்தது.

அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அவரும் மகளும்தான். மகள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு ஒரு சாயங்காலம் பெட்டியோடு வந்து மணி அடித்தாள். அண்ணன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அவள் போய்விட்டாள். இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் இதே ஊரில்தான், இரண்டு பஸ் மாறினால் வரும் தெருவில் இருக்கிறாள். அந்தப் பகுதிக்குக் கணக்கெடுக்கும் முறை வரும்போதெல்லாம் அண்ணன் கூட வேலை செய்கிறவரிடம் கெஞ்சி மாற்றிக்கொள்வார். ஊர்க் கதவையெல்லாம் தட்டுகிற மனுஷனுக்கு அந்த ஒரு தெரு மட்டும் ஆகாது.

என் கணவர் இதை அப்படியே கதையாக எழுதிவிட்டார். அனுமதியா? கேட்கவே இல்லை. மகள் வருகிறாள், அப்பா கதவைத் திறப்பதில்லை, வருஷம் போகிறது, மறுபடி வருகிறாள், அப்பா திறக்கிறார். நான் அவரைக் கிழி கிழி என்று கிழித்தேன். அண்ணன் மட்டும் காகிதங்களை வாங்கி, அவசரமே இல்லாமல் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"கடைசியில தொறந்துடறாரா மாப்பிள்ளை?"

"தொறந்துடறார் மச்சான்."

"அப்ப நானே நடிக்கறேன்."

"பாக்கலாம் மச்சான்."

என் கணவர் அகராதியில் 'பாக்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அண்ணனுக்கு அது தெரியாது, சத்தியம் செய்துகொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டார். அன்றைக்குப் போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "படம் வந்தா அவ பாப்பா இல்ல?" நான் தலையை ஆட்டினேன். இந்த ஒரு ஆசைக்காகத்தான் அவர் மூன்று வருஷம் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

இனி லென்ஸ். எங்கள் வீட்டு டைரக்டருக்கு அனமார்ஃபிக் வேண்டும். அகலமான காட்சியை உள்ளே வாங்கும்போது பக்கவாட்டில் ஒடுக்கி வாங்கி, பிறகு திரையில் விரித்துக் காட்டுகிற லென்ஸ் அது. விளக்கைக் காட்டினால் குறுக்கே நீலக் கோடு ஓடும், பின்னால் இருக்கிற வெளிச்சப் புள்ளிகள் முட்டை முட்டையாகத் தெரியும். அதைப் பார்த்தால் இவருக்குத் தலைகால் புரியாது. அதோடு ஆட்டோஃபோகஸும் வேண்டும், ஏனென்றால் இவரே டைரக்டர், இவரே கேமராமேன், ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப ஆள் கிடையாது. அதோடு மலிவாகவும் வேண்டும். அந்தக் காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றும் பொருந்துகிற லென்ஸ் கொஞ்சம்தான். கொஞ்சமாக இருந்தால் சீக்கிரம் முடியும் என்று நான் நினைத்தேன். கடையில் நான் ஒரு ஆளை உட்கார வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டு, பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவேன். இவர் சனிக்கிழமை வாடகைக் கடையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துவருவார், ஞாயிற்றுக்கிழமை முழுக்க சோதிப்பார், திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டு ராத்திரி ஒரு குறையைக் கண்டுபிடிப்பார். அது நிஜமாகவே குறைதானா என்று பார்க்க அதே லென்ஸை மாதக்கணக்கில் மறுபடி மறுபடி எடுத்துவருவார். ஒன்றில் ஓரம் மங்கல். ஒன்றில் நீலக் கோடு போதவில்லை. இன்னொன்றில் நீலக் கோடு அதிகம். ஒன்று முட்டை சரியான முட்டையாக இல்லை என்று திரும்பிப் போனது.

எல்லாச் சோதனைக்கும் நின்றது அண்ணன்தான். படத்தில் மகள் முகம் வராது, கேமராதான் மகள். வாசலுக்கு வெளியே கேமரா இருக்கும், அப்பா கதவைத் திறந்து கேமராவைப் பார்த்து, "வாம்மா, உள்ள வா. வெளிய நிக்காத" என்பார். அவ்வளவுதான் வசனம். ஞாயிறுதோறும் அண்ணன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வருவார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு தடவை கேட்பார்.

"மாப்பிள்ளை, இது டெஸ்ட்தானே?"

"டெஸ்ட்தான் மச்சான்."

கேட்டுக்கொண்டு, நிஜம் மாதிரியே செய்வார். தாழ்ப்பாளில் கை போகும், அங்கே ஒரு கணம் நிற்கும். கதவு திறக்கும். அவர் லென்ஸைப் பார்க்கிற பார்வையை என்னால் நேராகப் பார்க்க முடியாது, அடுப்படிக்குப் போய்விடுவேன். என் கணவரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பார், அதில் இடது ஓரத்தை. "மச்சான், இன்னொரு தடவ. பின்னாடி பல்பு முட்டையா வரல." இத்தனைக்கும் இவர் வேலை அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. நாளைக்கு எண்பது முகம் இவர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. ஒன்றையாவது பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்த லென்ஸும் தோற்கவில்லை. அண்ணன் கதவைத் திறந்த உடனே அவர் முகத்தில் ஒரு சின்னப் பச்சைச் சதுரம் வந்து உட்காரும். கேமரா முகத்தைக் கண்டுகொண்டது என்று அர்த்தம். அவர் நடந்தாலும் திரும்பினாலும் விடாது. "ஆட்டோஃபோகஸ்ல கவலையே இல்ல" என்று இவர் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

ஒருவழியாகப் போன மாதம் ஏழாவது லென்ஸ் தேறியது. அதை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே அண்ணனிடம் சொன்னார்:

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அகலத் திரையில உங்க மூஞ்சி இன்னும் அகலமா தெரியும். வேற ஆள் பாத்துட்டேன்."

"சரி மாப்பிள்ளை" என்றார் அண்ணன். காபி குடித்த டம்ளரைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தார். அன்றைக்கு ராத்திரி நான் பேசிய பேச்சில் வேறு ஆளாக இருந்தால் லென்ஸைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டே போயிருப்பார். இவர் அதன் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படப்பிடிப்பு அன்று வந்த நடிகர் விளம்பரங்களில் அப்பாவாக வருகிறவர். நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீண்டு ஒடுங்கிய, அழகான முகம், கூரான தாடை. எங்கள் கடையில் மிகச் சின்ன பிரேம்தான் அவருக்குப் பொருந்தும். அண்ணனும் வந்திருந்தார், வெளிச்சத்துக்கு வெள்ளைப் பலகை பிடிக்க. கூப்பிட்டதும் இவர்தான், வந்ததும் அவர்தான்.

நடிகர் கதவைத் திறந்தார். பச்சைச் சதுரத்தைக் காணோம். ஃபோகஸ் அவரைத் தாண்டி, சுவரில் இருந்த காலண்டரில் போய் நின்றது. மறுபடி எடுத்தார்கள். அறைக்குள் பலகையோடு நின்ற அண்ணன் ஒரு அடி நகர்ந்தார், உடனே சதுரம் ஓடிப்போய் அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. முன்னால் நின்ற நடிகர் மங்கல், பின்னால் நின்ற அண்ணன் பளிச். இப்படி ஒன்பது தடவை. இவர் வெளிச்சத்தைத் திட்டினார், நடிகரின் தாடியைத் திட்டினார், காலண்டரைக் கழற்றினார். அப்புறம் ஃபோகஸ் ஆணியில் போய் நின்றது.

"விரிக்காம, கேமரா உள்ள வாங்கறபடியே காட்டுங்க" என்றேன்.

காட்டினார். ஒடுங்கிய படத்தில் நடிகரின் முகம் வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது. அதை முகம் என்று கேமரா எப்படி நம்பும்? அண்ணனின் அகல முகம் ஒடுங்கி, ஊரில் எல்லாருக்கும் இருக்கிற மாதிரி அளவான முகமாக நின்றது. மூன்று வருஷம், ஏழு லென்ஸ், அத்தனையையும் ஒரே முகத்தை வைத்துச் சோதித்துவிட்டு, எடுக்க வேண்டிய அன்று அந்த முகத்தையே தூக்கிப் போட்டிருக்கிறார். இதை நான் நடிகர் முன்னாலேயே சொன்னேன்.

சரி, இப்போதாவது புத்தி வரும் என்று நினைத்தேன். வந்தது யோசனை.

"மச்சான், நீங்க பலகையை வெச்சுட்டு வந்து சார் பக்கத்துல, அதே தூரத்துல நில்லுங்க. ஃபோகஸ் உங்க மேல விழும், அவரும் தெளிவா வருவார். உங்க ஓரத்தை அப்புறம் நான் வெட்டிடறேன்."

நடிகருக்கே சங்கடமாகிவிட்டது. "அவரையே நடிக்க வைக்கலாமே சார். பலகையை நான் பிடிச்சுக்கறேன்" என்றவர், சொன்னதோடு நிற்காமல் அண்ணன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். இவர் திரைக்குக் குனிந்தார். "முதல்ல நில்லுங்க மச்சான், பாக்கலாம்."

மறுபடியும் பாக்கலாம்.

அண்ணன் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, இது டெஸ்டா, எடுக்கறதா?"

எடுக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? இவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டெஸ்ட்தான் மச்சான்" என்றார்.

கதவு திறந்தது. வசனம் வரவில்லை. "அப்படின்னா நான் கெளம்பறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கேமராவை நோக்கி நடந்து வந்து, அதைத் தாண்டி, படியிறங்கிப் போனார். என் நினைவு தெரிந்து அவர் யாருக்கும் மறுத்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது. இவர் என்ன சொன்னார் தெரியுமா? "பாரு, நடந்து வரும்போதுகூட எப்படிப் பிடிக்குது."

இப்போது இவர் கையால் ஃபோகஸ் திருப்புகிற மலிவான அனமார்ஃபிக் எது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். மச்சான் ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருப்பார் என்று நேற்று கேட்டார். அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இனிமேல் போக வேண்டிய இடம் இருக்கிறது என்றேன்.

அன்று எங்கள் வீட்டிலிருந்து இறங்கியவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பஸ் மாறி, ஆறு வருஷமாகத் தவிர்த்த தெருவுக்குப் போயிருக்கிறார். மறுநாள் என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மணி அடிச்சேன். என்ன சொல்றதுன்னே யோசிக்கல. மீட்டர் பாக்கணும்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. கதவு தொறந்துச்சு, அவ நிக்கறா. இந்த வாய் இருக்கே, பழக்கம், 'வாம்மா, உள்ள வா, வெளிய நிக்காத'ன்னுட்டேன்."

"வாசல்ல நின்னுக்கிட்டா?"

"வாசல்ல நின்னுக்கிட்டு."

"அவ என்ன சொன்னா?"

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், கழற்றினார், மறுபடி துடைத்தார்.

"என் கையப் புடிச்சு, 'நீங்கதாம்ப்பா வெளிய நிக்கறீங்க'ன்னா."