முத்திரை குத்திய பருப்பு

இன்று ஹட்டனில் ஒரு பருப்பு மூட்டையைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

அப்பாவின் இலங்கைப் பிரஜாவுரிமை மனுவைக் காலையில்தான் அரசாங்கக் கந்தோரில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அப்பா பிறந்தது உடப்புசல்லாவையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். ஆனால் அதைச் சொல்ல அவர் கையில் பத்திரம் எதுவும் இல்லை.

திரும்பும் வழியில் பலசரக்குக் கடையில் ஏறினோம். அப்பாவின் கையிலிருந்த கந்தோர்க் கடிதத்தைப் பார்த்து முதலாளி சிரித்தார்.

"என்ன அண்ணே, கெடைக்கலையா? அப்ப நீங்க இந்தியாக்காரங்கதான். கப்பலுக்கு மூட்டையைக் கட்டுங்க."

அப்பா நிமிரவே இல்லை. "அரை றாத்தல் மைசூர் பருப்பும் கொஞ்சம் பம்பாய் வெங்காயமும் குடுங்க முதலாளி" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா?

"ஏன் முதலாளி, மைசூர்லேருந்து வந்த பருப்பு இங்க நல்லா வேகுது. எங்க அப்பா பருப்பு மட்டும் கந்தோர்ல வேகலையே? இந்தப் பம்பாய் வெங்காயம் எங்க போயி மனுப் போட்டுச்சு?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிக்குக் கோபமே வரவில்லை. பருப்பு மூட்டையைத் திருப்பி, அதில் குத்தியிருந்த துறைமுக முத்திரையைக் காட்டினார்.

"இந்தா பாரு தங்கச்சி. இதுக்கு அத்தாட்சி இருக்கு."

அப்பா அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பொறந்தப்பவே என்னையும் ஒரு சாக்குல போட்டுக் கட்டி முத்திரை குத்தியிருக்கலாம்" என்றார்.

அப்பா வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. உங்களில் யாருக்காவது சிரிப்பு வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.