ஆலயத்தில் ஏலம் போன உரச்சாக்கு

மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னால் குவிந்து கிடந்த வாழைத்தண்டும் பலாச்சக்கை மடலும் மழையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கையை உள்ளே விட்டேன். சுட்டது. நெருப்பே இல்லாமல் இவ்வளவு சூடா! படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருந்த எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பிரவுசிங் சென்டரில் மக்கு உரம் பற்றி அவசர அவசரமாகப் படித்தேன். மறுநாளே எங்கள் அடுக்களைக்குப் பின்னால் வாழைத்தண்டையும் சாணியையும் அடுக்கி, மழை படாமல் தார்ப்பாயால் இறுக்கி மூடினேன்.

அந்த இறுக்கம்தான் வினை. காற்றில்லாமல் குவியல் புளித்து நாறியது. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏட்டி, உங்க வீட்டுல என்ன செத்துக் கெடக்கு?"

"உரம் செய்யுதேன் மாமி."

"இதுக்கா இஞ்சினியரிங் படிச்ச?"

அம்மாவுக்கு மானம் போயிற்று. "அறுப்பின் பண்டிகைக்கு ஆளு வரும். அதுக்குள்ள நாத்தம் போகல்லேன்னா குழி வெட்டி மூடிருவேன், பாத்துக்க."

குவியலைக் கலைத்தேன். ரப்பர் தோட்டத்துச் சருகைச் சாக்குச் சாக்காக அள்ளி வந்து, பச்சைத் தண்டுக்கு ஈடாகக் கலந்து, காற்றோட்டமாகக் கட்டினேன். சூடு ஏறியது! ஆறும்போதெல்லாம் புரட்டினேன். கடைசியில் தண்டு எது, சாணி எது என்று தெரியாத கறுத்த பொடி. புதுமழை மணம். மூட வேண்டிய நாற்றமே இல்லை.

அதோடு நிற்பேனா? அறுவடைக்கு நன்றி சொல்லும் அந்தப் பண்டிகையில், விளைந்ததைக் கிறிஸ்தவ ஆலயத்தில் வைத்து ஏலம் விடுவது எங்கள் வழக்கம். ஏத்தன் வாழைக்குலைக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் சேவலுக்கும் நடுவே ஒரு சாக்கு உரத்தை வைத்தேன்.

ஏலம் விட்டவர் சாக்கைப் பிரித்தார். "மக்கா, இது என்ன, மண்ணா? மண்ண யாரு எடுப்பா?"

ஒரே சிரிப்பு. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமி எழுந்துபோய் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள்.

"சிரிக்காம ஏலத்த விடும் ஓய். எனக்க ரோஜாச் செடிக்கு வேணும்."

பின்வரிசையில் ஒரு வாழைக்காரர் போட்டிக்கு விலையை ஏற்றினார். மாமி விடவில்லை. ஏத்தன் குலையின் விலையையே தாண்டிப் போனது என் சாக்கு!

வீடு திரும்பும்போது அம்மா சொன்னாள்: "தொழுவத்துக்கு அந்தப் பக்கம் சும்மாதான கெடக்கு, எடுத்துக்க."

"அங்க மீன் கழிவு போடப்போறேன்."

சாக்கோடு வந்த மாமி நின்றுவிட்டாள். "மீனா? கொன்னுருவேன்!"

எவ்வளவு சருகு சேர்த்தால் மீன் நாறாது? இனிமேல்தான் தெரியும். கடற்கரையில், மணவாளக்குறிச்சி மீன்காரர்களிடம் இரண்டு வாளிக் கழிவுக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.