ஆறு மணிக்கு நீலக்கதவு

டுவேன் ஹெர்கன்ரைடரை அக்டோபர் கடைசியில் அடக்கம் செய்தோம். அவர் மனைவி வெர்லா அன்று அழவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சமையலறை மூலையில், டுவேன் தினமும் பேச உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, ரேடியோ மைக்கைக் கையில் எடுத்து, "நீலக்கதவு பேசுது. யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எண்ணெயில் எதையோ பொரிப்பது போல ஓர் இரைச்சல் மட்டும் வந்தது.

நான் அடுப்பருகே நின்று காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தரும் இல்ல நடீன்" என்றார்.

"முதல் நாள்தானேக்கா. பேசக் கூச்சப்படுவாங்க" என்றேன்.

அவர் சாலை நிலவரம் சொன்னார். எந்தப் பாலத்தில் பனி உறைந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லி, கடைசியில் பைபிளின் சங்கீதத்திலிருந்து ஒரு வசனம் வாசித்து, மைக்கைக் கொக்கியில் மாட்டினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழுவி வைத்த தட்டு போல இருந்தது.

வெர்லா அக்காவின் பண்ணைக்கு அடுத்தது எங்களுடையது. நெடுஞ்சாலை இறக்கத்தில் இருக்கிற லாரி நிறுத்தத்தில் நான் சமையல் வேலை பார்க்கிறேன். வேலை ஏழு மணிக்கு. அதனால் தினமும் போகிற வழியில் அவரிடம் நின்று போவேன். அவர் பீட்ரூட் வயலில் பிறந்து வளர்ந்தவர். முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. எங்கள் சபையில் ஞாயிறு வகுப்பு எடுப்பார். அதிகம் பேசமாட்டார். பேசுவதெல்லாம் டுவேன்தான்.

அந்த ரேடியோ லாரிக்காரர்களுடையது. வண்டிக்கு வண்டி, வீட்டுக்கு வண்டி, பத்துப் பதினைந்து மைல் தூரத்துக்குள் யார் வேண்டுமானாலும் யாரோடும் பேசலாம். சாலைக்காரர்களுக்குப் பத்தொன்பதாம் சேனல். அதில் சொந்தப் பேரை யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் பட்டப்பேர்தான். டுவேன் வீட்டுத் தொழுவத்துக்கு நீல நிறக் கதவு. நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும். அதனால் அந்த வீடே நீலக்கதவு. இருபது வருஷமாக அவரோடு தினமும் பேசிய ஒரு மாட்டு லாரிக்காரர் இருந்தார். அவர் பட்டப்பேர் ஊறுகாய். ஊறுகாயின் முகத்தை டுவேனும் பார்த்ததில்லை, வெர்லாவும் பார்த்ததில்லை.

இப்போது அந்தச் சேனலில் ஆள் குறைவு. எங்கள் கடைக்கு வருகிற பையன்கள் பாதிப் பேர் வண்டியில் ரேடியோவே வைப்பதில்லை. வழியைப் போன் சொல்லிவிடுகிறது. வைத்திருப்பவர்களும் கெட்ட வார்த்தைக்குப் பயந்து அணைத்துவிடுகிறார்கள். சக்தி கூட்டிய பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவர் பேச்சை அமுக்குகிறவர்கள் வேறு. எல்லாம் எனக்கும் தெரியும், வெர்லாவுக்கும் தெரியும். ஆனால் அவர் நினைத்தது அது இல்லை.

"அவங்க டுவேனுக்காக வந்தவங்க" என்று டிசம்பரில் ஒரு நாள் சொன்னார். "எனக்காக எதுக்கு வரணும்?"

அவருக்காக ஜெபித்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்த வீட்டில் இன்னொரு சத்தமும் இருந்தது. டுவேனுக்கு மூச்சுக்காக வாடகைக்கு வாங்கிய ஆக்சிஜன் இயந்திரம். படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்தில், மாடு அசைபோடுவது போல இரவும் பகலும் ஓடிக்கொண்டேயிருந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளக் கடைக்காரர்கள் இரண்டு முறை போன் செய்தார்கள். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்றார் வெர்லா. "அது ஓடலைன்னா வீடு வீடு மாதிரி இல்ல" என்றார். டுவேன் இருந்தபோது காலை ஆறு மணிக்கு மட்டும் அதைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டு, சின்ன உருளையிலிருந்து குழாயை மாட்டிக்கொண்டு ரேடியோவுக்கு வருவார். "அவனுங்க காதுல நோயாளி மெஷின் சத்தம் விழக் கூடாதாம். அவ்வளவு ரோஷம்" என்று அப்போது வெர்லா சிரிப்பார்.

நான்கு மாதம் அப்படியே போனது. தினமும் ஆறு மணி, தினமும் அதே கேள்வி, அதே இரைச்சல்.

பிப்ரவரியில் டுவேனின் அண்ணன் மகன் கர்ட்டிஸ் வந்தான். காற்றில் ரேடியோ ஆன்டெனா கம்பம் ஆடுகிறது, கூரை மேல் விழுந்தால் வேலை வைக்கும், சனிக்கிழமை இறக்கிவிடுகிறேன் என்றான். சரி என்றார் வெர்லா. மறுநாள் காலை மைக்கில் சொன்னார்: "சனிக்கிழமை கம்பத்தை இறக்கறாங்க. இத்தனை நாள் யாராச்சும் கேட்டிருந்தா, நன்றி."

அந்தக் குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரக் குழம்பும், லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் சாப்பிட உட்காரும்போது ஒரு மாட்டு லாரி வாசலில் வந்து நின்றது. குட்டையான, தாடி வைத்த ஒருவர் இறங்கி வந்தார். மாட்டு வாடை அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நான் ஊறுகாய்" என்றார்.

வெர்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க மேல என்ன கோவம்? ஏதாச்சும் தப்பாப் பேசிட்டோமா?"

"எனக்கா? கோவமா?"

"பின்ன? தெனமும் யாராச்சும் இருக்கீங்களான்னு கேக்கறீங்க. இருக்கோம் இருக்கோம்னு தொண்டை கிழியக் கத்தறோம். நீங்க பாட்டுக்கு வசனம் வாசிச்சுட்டுப் போயிடறீங்க. துக்கத்துல இருக்கீங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பசங்க சொன்னாங்க. கம்பத்தை இறக்கறேன்னதும் எனக்குப் பொறுக்கல."

"நீங்க பேசினீங்களா?"

"நாலு மாசமா, அம்மா. ஒரு நாள் விடாம."

வெர்லா ரேடியோவைப் பார்த்தார். அது ஓரமாக இரைந்துகொண்டிருந்தது. ஊறுகாய் போய்ச் சத்தத்தைக் கூட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"அட, இது என்ன கூத்து! இந்த இரைச்சல்ல பக்கத்துல குண்டு போட்டாலும் கேக்காதே. வீட்டுக்குள்ள ஏதோ ஒன்னு இதைக் கெடுக்குது" என்றார்.

பிறகு ஒரு வழி சொன்னார். ஆறு மைல் தள்ளித் தானியக் கிடங்குப் பக்கம் போய் நின்று ரேடியோவில் பேசுவார். நாங்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டில் ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். "மாடுங்க வண்டியில நிக்குது, சீக்கிரம் ஆகட்டும்" என்று போன் நம்பரை வாங்கிக்கொண்டு ஓடினார்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது. "பேசிட்டிருக்கேன். கேக்குதா?"

"இல்லீங்க" என்றேன்.

விளக்குகளை அணைத்தேன். இரைச்சல். தொலைக்காட்சியைப் பிடுங்கினேன். குளிர்பெட்டி, சூடேற்றி, போன் சார்ஜர் எல்லாம். இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை.

"இன்னும் என்ன ஓடுது?" என்றார் போனில்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுவது எனக்குக் கேட்டது. வெர்லாவுக்கும் கேட்டிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. விளக்கணைந்த சமையலறையில், ரொட்டிச் சுருள் ஆறிக்கொண்டிருக்க, அவர் நாற்காலியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மனதுக்குள், ஆண்டவரே, நீரே அவரை அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போம் என்றேன். ரொம்ப நேரம் கழித்து எழுந்து படுக்கையறைக்குப் போனார்.

அசைபோடும் சத்தம் நின்றது. ரேடியோவில் இரைச்சலும் நின்றது.

"...முப்பத்தாறு மாடு பின்னாடி நின்னு மூத்திரம் போகுது, நான் இங்க பைத்தியக்காரன் மாதிரி ஒத்தையாக் கத்திட்டிருக்கேன். நீலக்கதவு, நீலக்கதவு..."

உடனே ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது. "யாருடா அது, நீலக்கதவைக் கூப்பிடறது? அந்தம்மா செத்துப் போச்சுன்னு சொன்னாங்களே?"

"உன் வாயில மண்ணு விழ! வாயை மூடு."

வெர்லா படுக்கையறை வாசலில் நின்றிருந்தார். "அதுக்குத்தான் நிறுத்தினாரா" என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை. பிறகு வந்து மைக்கை எடுத்தார்.

"கேக்குது" என்றார். "நான் சாகல. வீட்டுக்காரர்தான் போயிட்டார்."

"தெரியும்மா" என்றார் ஊறுகாய். "நாங்க அப்பவே ஆறுதல் சொன்னோம், உங்களுக்குத்தான் கேக்கல."

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். பாலத்தில் பனி எப்படி என்று கேட்டாள். வெர்லா சொன்னார். பேசி முடித்ததும் மைக்கை மாட்டிவிட்டு, திரும்பப் படுக்கையறைக்குப் போய் இயந்திரத்தை ஓடவிட்டார்.

"ஆறுல இருந்து ஆறரை வரைக்கும் நிறுத்தறேன் நடீன்" என்றார். "அதுக்கு மேல என்னால ஆகாது."

"அது போதும்கா" என்றேன்.

சனிக்கிழமை கர்ட்டிஸ் ஏணியோடு வந்தான். வெர்லா அவனுக்கு ரொட்டிச் சுருள் கொடுத்து, கம்பத்தின் இழுவைக் கம்பிகளை இறுக்கிக் கட்டச் சொன்னார். ஏன் மனசு மாறியது என்று அவன் கேட்டான். காற்று குறைந்துவிட்டது என்றார். காற்று ஒன்றும் குறையவில்லை.

மார்ச்சில் ஊறுகாய் புது ரேடியோ ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். இப்போது இந்தச் சேனல்களில் எஃப்.எம். முறையிலும் பேச அரசாங்கம் விட்டிருக்கிறதாம். பாட்டு கேட்கிற மாதிரி சுத்தமாக வருமாம், இரைச்சல் சேராதாம். "எல்லாருகிட்டயும் இது வந்துட்டா, மறுபடி ஆளுங்க வருவாங்க அம்மா. ஆனா ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் பேச முடியும். இந்த ரூட்ல இப்ப நானும் இன்னும் ரெண்டு பேரும்தான்" என்றார். வாரத்தில் ஒரு நாள் அவர்கள் மூவரோடு அதில் பேசுகிறார் வெர்லா. மற்ற நாள் டுவேனின் பழைய பெட்டிதான். அதில் ஐந்து பேர், சில நாள் ஏழு பேர்.

நான் இப்போதும் காலையில் போகிறேன். ஆறு மணிக்கு அவர் எழுந்து போய் அதை நிறுத்துவார். வீடு சட்டென்று பெரிதாகிவிடும். ஆறரைக்கு வசனம் வாசித்து, "பார்த்துப் போங்க" என்று சொல்லி, எழுந்து போய் மறுபடி ஓடவிடுவார். முகம் அதே முகம்தான். நான் அதில் எதையும் தேடுவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஊறுகாய் ஏதோ கன்றுக்குட்டிக் கதை சொல்லி, மற்றவர்கள் அவரைக் கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்லா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இயந்திரத்தை ஓடவிட எழுந்தபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு ஐம்பது ஆகியிருந்தது. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.