அம்மிக் குழவியோடு பலகை ஏறிய நாள்

கனடாவில் இருக்கும் அண்ணன் மகன் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். போன கிழமை அதைத் தொலைபேசியில் காட்டினான். முன்னால் சக்கரம் இல்லை. இரண்டு சறுக்குப் பலகைகள். வாங்கிய பிறகுதான் அவனுக்குக் கவலை.

"பாரம் கூடிப்போச்சு மாமி. பாரம் குறைஞ்ச ஒண்டும் இருந்திச்சு, அத எடுத்திருக்கலாம்."

"ஓடக்குள்ள சிரிச்சயா?"

"சிரிச்சன்."

"அப்ப பேசாம ஓடு மனே."

பாரத்தைப் பற்றி அவன் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த விடயத்தில் அவனுடைய தகப்பனிடம் தோற்றவள் நான்.

அப்போது எங்கள் வயல் வட்டையில் எருமைகள்தான் உழவு. வயலை உழுது சேறாக்கி, விதைப்புக்கு முன் கடைசி வேலையாக, நீளப் பலகை ஒன்றை எருமைச் சோடியில் பூட்டி இழுத்து மட்டமாக்குவார்கள். பலகை சேற்றை அமர்த்த வேண்டுமென்றால் மேலே ஒருவர் குந்த வேண்டும். அந்த உத்தியோகம் அண்ணனுக்கு. எனக்கு ஏழு வயது, அவனுக்கு ஒன்பது. ஆனால் அவன் சாப்பிட்ட பிட்டுக்கு என்னைப்போல் இரண்டு பேர் இருப்பான். நான் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

"நீ ஏறினா பலகை மிதக்கும் புள்ள. மேடு மேடாவே இரிக்கும்," என்பார் எருமை நடத்தும் மாமா, அம்மாவின் தம்பி.

அந்த வருடம் பலகை இழுத்த கடைசி நாள்; மறுநாள் விதைப்பு. அதன்பின் பலகை அடுத்த வருடம்தான் வயலுக்குள் இறங்கும். அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து அம்மிக் குழவியைத் தூக்கி, பாவாடையை மடித்துக் கட்டி, அதற்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். வரம்புக்கு வரம்பு இளைப்பாறித்தான் போய்ச் சேர்ந்தேன்.

மாமா வேலையை முடித்து எருமைகளை அவிழ்க்கப் போனார். என் வயிற்றைப் பார்த்தார்.

"இண்டைக்குப் புள்ளைக்குப் பாரம் காணும் போல," என்றவர் என்னைத் தூக்கிப் பலகையில் வைத்தார்.

முதல் மூலை திரும்பும்போதே முடிச்சு அவிழ்ந்து குழவி சேற்றுக்குள் போய்விட்டது. பலகை துள்ளத் தொடங்கியது. அண்ணனோடு ஊர்ந்த அதே பலகை என்னோடு பாய்ந்தது. வாய் நிறையச் சேறு. ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. நாலு சுற்று. "மட்டமாகுதில்ல மாமா," என்று அண்ணன் வரம்பில் நின்று கத்தினான். மாமா காதில் வாங்கவேயில்லை.

அதற்குள் அம்மா தேடி வந்துவிட்டார். விதைக்க வருகிறவர்களின் கறிக்கு அரைக்க வேண்டும்.

"மாமனும் மருமகளும் சேத்துல மிளகாய் அரைக்கிறீங்களோ?"

மாமா பொழுது சாயும்வரை வயலுக்குள் காலால் தடவித் தடவி நடந்து குழவியை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் விடியும்போதே அண்ணனை எழுப்பிக்கொண்டு போனார். அவன் சேறாகத் திரும்பி வந்து, இன்னும் எட்டுச் சுற்று ஓடியதாகப் பீற்றிக்கொண்டான். விதைப்பு வெயில் ஏறிய பிறகுதான் தொடங்கியது.

கலியாணத்தின்போது அந்த வயல் எனக்குச் சீதனமாக வந்தது. நானே நின்று விதைப்பித்தபோதுதான் விளங்கியது, மட்டமாக்கி முடித்த வயலுக்குள் எவனும் எருமையைத் திரும்ப இறக்கமாட்டான் என்று. பாரமில்லாத பலகை குளம்படிக் குழியை மூடாது; அதில் தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும். அண்ணனின் எட்டுச் சுற்றும் என்னுடைய நாலு சுற்றை அழிப்பதற்கு.

அன்று எனக்குத் தெரிந்தது அவனுக்கு எட்டு, எனக்கு நாலு என்பது மட்டும்தான். விதைப்பு முடியும்வரை நான் மாமாவோடு பேசவில்லை.