என் பேரில் உள்ளே இருந்தவன்

என் மகன் சாமுவேல் எங்கே இருக்கிறான் என்று பதினொரு நாள் எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. அந்த நாட்களில் ஆண்டவர் செய்ததைச் சொல்லத்தான் சபைக்கு முன்னால் எழுந்து நிற்கிறேன். நான் படிக்காதவன். சுற்றிச் சுற்றித்தான் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஐப்பசி மழை. நசரத்பேட்டைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் எனக்கு வேலை. மழையில் அறுத்துப் போட்ட கல்லெல்லாம் கரைந்து மறுபடி சேறாகிவிடும். அதைப் பார்த்தால் வயிறு எரியும். சரி, அது வேறு கதை. வேலை இல்லாமல் காட்டுப்பாக்கத்தில் வீட்டோடு கிடந்தேன். சாமுவேல் அம்பத்தூரில் போல்ட்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தான். அங்கே ஸ்டிரைக். கேட்டில் உட்கார்ந்து மறியல் செய்தவர்களை வேனில் ஏற்றிப் போய்விட்டார்கள் என்று மறுநாள்தான் சேதி வந்தது. எந்த வேன், எந்த ஜெயில், சொல்ல ஆள் இல்லை. சங்கத்துத் தலைவர்கள் தலைமறைவு.

ஸ்டேஷனில் கேட்டேன். பூந்தமல்லி ஜெயிலில் இரண்டு முறை கேட்டேன். திருவள்ளூருக்குப் போனேன். பட்டணத்துப் பெரிய ஜெயில் வாசலில் ஒரு நாள் முழுக்க நனைந்தேன். எல்லாரும் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே பதில் சொன்னார்கள். சாமுவேல் என்று யாரும் இல்லை.

என் மனைவி கிரேஸ் சாப்பாட்டை விட்டுவிட்டாள். பதினோராம் நாள் காலையில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பெரியாஸ்பத்திரில, பொணம் வெக்கற எடத்துல ஒரு தபா பாத்துட்டு வந்துடு."

பஸ் ஏறினேன். போரூர் வரைக்கும்தான் போக முடிந்தது. இறங்கிவிட்டேன். கூட்டத்துக்கு நடுவில் நின்று ஜெபித்தேன். பெரிய ஜெபம் எனக்குத் தெரியாது. "ஆண்டவரே, அவனுக்குப் பதிலா என்னை உள்ள வெச்சிக்கோ" என்றேன். அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் பூந்தமல்லி பஸ் வந்தது. ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

பூந்தமல்லி ஜெயிலுக்குள் டீ கொண்டுபோகிற கஸ்தூரி என்கிற அம்மாள் வாசலில் நின்றாள். நாற்பது வயதிருக்கும். கையில் டீ கேன்.

"இன்னா நைனா, மூணாவது தபா வந்துகினு கீறே. யாரைத் தேடறே?"

"மவனை. சாமுவேலு."

"அந்தப் பேர்ல ஆள் இல்லியே. ஸ்டிரைக்குல புட்ச்சாங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ உன் பேரைச் சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. "எம் பேரு இன்னாத்துக்கு? நானா காணாப் போனேன்?"

"சொல்லு நைனா, டீ ஆறுது."

"ஆசீர்வாதம்."

கேனைக் கீழே வைத்துவிட்டாள். "மோவாயில தழும்பு கீதா?"

"கீது. சின்ன வயசுல வேப்பமரத்துலேர்ந்து வுயுந்தான்."

"அவன் உள்ளதான் கீறான். ஆசீர்வாதம்னு சொல்லிகினு. இந்த வயசுல இம்மாம் கெயட்டுப் பேரான்னு டெய்லி கலாய்ச்சிகினு கீறேன்."

விஷயம் இதுதான். சொந்தப் பேரைக் கொடுத்தால் கம்பெனி கணக்குத் தீர்த்து வேலையை விட்டு அனுப்பிவிடும் என்று வேனில் ஒருவன் கிளப்பிவிட்டிருக்கிறான். எல்லாரும் வேறு பேர் கொடுத்திருக்கிறார்கள். பிடிபட்டு வந்தவர்கள் எல்லாம் கிழவர்கள் பேராகச் சொல்வதைக் கேட்டே, அது அப்பன்மார் பேர் என்று கஸ்தூரி கண்டுபிடித்துவிட்டாள். எழுத்து அறியாதவள். உள்ளே இருக்கிற அத்தனை பேரையும் மனதில் வைத்திருந்தாள். அவளை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது.

கைதியைப் பார்க்க மனு கொடுக்க வேண்டும். ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து எழுத வைத்தாள். "உன் பேரை மாத்திச் சொல்லிடு நைனா, வம்பு வாணாம்" என்றாள். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

வார்டர் மனுவை வாசித்தார். "பாக்க வேண்டிய ஆளு ஆசீர்வாதம். பாக்க வந்த ஆளும் ஆசீர்வாதம். இன்னாயா, உன்னை நீயே பாக்க வந்தியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் மகன் மேல் இன்னொரு கேஸ் வருமோ என்று பயம். ஒரு மூச்சு ஜெபம் பண்ணினேன்.

"ஐயா, அது எம் பேரு. உள்ள கீறவன் எம் மவன் சாமுவேலு."

வார்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பன் பேரைக் கெடுக்கறவனைத்தான் நான் தெனம் பாக்கறேன். இவன் கடன் வாங்கிகினு வந்துகீறான்." பிறகு குரலை இறக்கினார். "வக்கீலை வெச்சி ஜட்ஜி கிட்ட நெசப் பேரைச் சொல்லிடுங்க. நானும் மேல சொல்லிடறேன். மறைச்சாதான் தப்பு. போ, பாரு."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமுவேல் நின்றான். இளைத்திருந்தான்.

"நைனா, கோச்சிக்காத. பேரு கேட்டப்ப வாயில வேற எதுவும் வரல."

போரூரில் நான் செய்த ஜெபத்தை ஆண்டவர் அப்படியே கேட்டிருக்கிறார். கேட்பதற்கு முன்னாலேயே என் பேரை உள்ளே வைத்திருக்கிறார்.

"அம்மா சாப்டாளா?" என்றான்.

"இனிமே சாப்புடுவா" என்றேன்.

அன்றைக்கே அவனோடு பிடிபட்ட நான்கு பேருடைய அப்பன்மாரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவரவர் பேரைச் சொல்லிக் கேட்டார்கள். மூன்று பேர் கிடைத்தார்கள். நாலாவது ஆள் தாத்தா பேரைக் கொடுத்திருந்தான், அவனும் கிடைத்தான். அடுத்த வாய்தாவில் சாமுவேல் தன் பேரைச் சொன்னான். ஜாமீன் கிடைத்தது. அந்த வேலை போனது. ஆவடியில் வேறு வேலை கிடைத்தது.

அதற்கு முன்னால் நான் பிரசங்கத்தில் தூங்குகிறவன். உங்களுக்கே தெரியும். கஸ்தூரி நம் சபைக்காரி இல்லை, அம்மன் கும்பிடுகிறவள். அவளைத்தான் கர்த்தர் என் வழியில் நிறுத்தினார். இப்போது கைதிகளைப் பார்க்க விடுகிற மனு நாளில் அவளோடு நானும் அந்த வாசலில் நிற்கிறேன். கலங்கி வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறேன்.

உங்களில் யாருடைய ஆளாவது உள்ளே இருக்கலாம். வெட்கத்தில் சொல்லாமல் இருக்கலாம். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். முதலில் ஜெபம் பண்ணுவோம். பிறகு வாசலுக்கு நான் கூட வருகிறேன்.