காய்ச்சலில் தொட்ட உரக்குவியல்

உரக்குவியலுக்குள் புறங்கையை நுழைத்துப் பார்ப்பாள் நாற்றுக்காரம்மா, பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. சூடு இருந்தால் எரு இன்னும் மக்கவில்லை. குளிர்ந்திருந்தால் தென்னை நார்த்தூளோடு கலந்து குழித்தட்டுகளில் நிரப்பி விதை போடலாம்.

கணவர் போய் நான்கு வருடம் ஆகிறது. குவியலில் கை வைக்கும்போதெல்லாம் அந்தப் பழைய நாள் அவள் நெஞ்சில் வந்து நின்றுவிடும்.

அதற்கு முன்பு, கப்பலில் வரும் சதுப்புநில மண் மூட்டைகளில்தான் நாற்று விட்டார்கள். அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். "எந்த ஊர்ச் சதுப்பையோ தோண்டித்தான் நம்ம கத்தரி முளைக்கணுமா? நம்ம குப்பைக்கு என்ன குறைச்சல்?"

"சரி தாயே! ஒரே ஒரு தடவை சொதப்பினாலும் பழைய மூட்டைதான். அப்புறம் மூச்சு விடக் கூடாது" என்று கணவர் சிரித்தார்.

முதல் பெரிய ஈடே முந்நூறு தட்டு கத்தரி. முளைத்த பத்தாம் நாள் இலையோரமெல்லாம் கருகிவிட்டது. எரு மக்கி ஆறுமுன்னே கலந்திருக்கிறாள்! நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்த தோட்டக்காரர் அன்றைக்கே வந்து நின்றார்.

"இது நாத்தா, வறுத்த கீரையா? யாரு கலந்தது?"

தன் கலவைக்கு அன்றோடு முழுக்கு என்று நினைத்தாள். அவள் வாய் திறக்குமுன் கணவர் முன்னே வந்தார்.

"நான்தாங்க. இன்னும் ஆறட்டும்னு இவ தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் அவசரப்பட்டேன்."

"நீயெல்லாம் ஒரு ஆளு! இனிமே உன் சம்சாரத்தையே கலக்கச் சொல்லு. ஒரு மாசம் தரேன்" என்று சொல்லிவிட்டுத் தோட்டக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

அவர் தலை மறைந்ததும் அவள் பொலபொலவென்று அழுதாள். "எதுக்குங்க பொய் சொன்னீங்க? குளிர்ந்துடுச்சுன்னு சொன்னவ நான்தானே?"

"அன்னிக்கு உனக்கு என்ன காய்ச்சல்! நெத்தியில ஈரத்துணி போட்டவன் நான்தானே? உன் கையே அடுப்பா கொதிச்சுது. அதுக்கு எந்தக் குவியலும் சில்லுன்னுதான்டி இருக்கும். தப்பு காய்ச்சலோடது, கலவையோடது இல்ல. எழுந்திரு, தட்டைக் கழுவணும்."

இருவரும் குழாயடியில் உட்கார்ந்து முந்நூறு தட்டையும் கழுவினார்கள். பழைய மூட்டை என்ற பேச்சை, உயிரோடு இருந்தவரை அந்த மனிதர் மறுபடி எடுக்கவேயில்லை.